நான்கு மின்னஞ்சல் கணக்குகளை ஒரே மென்பொருளில் வைத்துக் கையாள்வது எப்படி?

கேள்வி: நூற்கண்டு

அனைவருக்கும் வணக்கம். கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். என் பொறுப்பில் இப்போது நான்கு மின்னஞ்சல் முகவரிகள் இருக்கின்றன. ஒன்று, என் சொந்த ஜிமெயில். அடுத்தது, 2009-இல் கல்லூரியில் படித்தபோது தொடங்கிய யாகூ முகவரி. வங்கி, காப்பீடு, வருமான வரி என்று எல்லா இடங்களிலும் அதையே கொடுத்து வைத்திருப்பதால் அதை விட முடியவில்லை. மூன்றாவது, நிறுவனத்தின் சொந்தப் பெயரில் அமைந்த அலுவலக முகவரி. நான்காவது, எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கென்று தொடங்கிய இன்னொரு ஜிமெயில். சங்கப் பொருளாளர் என்ற முறையில் அதையும் நான்தான் பார்க்கிறேன்.

இத்தனை நாளும் இவற்றை உலாவியில் தனித்தனித் தாவல்களாகத் திறந்து வைத்துச் சமாளித்து வந்தேன். யாகூவுக்கு வரும் மடல்களை மட்டும், மடல்களை இறக்கிக்கொள்ளும் பாப் என்ற முறையில் ஜிமெயிலே இழுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தேன். வெளிக் கணக்குகளின் மடல்களை அப்படி இழுத்துத் தரும் வசதியை 2026-இல் நிறுத்திக்கொள்வதாக ஜிமெயில் அறிவித்திருப்பதைப் பார்த்த பிறகுதான் வேறு வழியைத் தேடத் தொடங்கினேன்.

இன்னொரு காரணமும் உண்டு. சென்ற மாதம் வெளிநாட்டுக் கொள்முதலாளர் ஒருவருக்கு அனுப்ப வேண்டிய விலைப்பட்டியலை, அவருடைய இணையதளத்தில் இருந்த முகவரியைச் சொடுக்கி, திறந்த சாளரத்திலேயே எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் அவரிடமிருந்து, “இது யாருடைய முகவரி? உங்கள் நிறுவனத்தின் பெயரில் யாரேனும் ஏமாற்றுகிறார்களா?” என்று கேட்டுப் பதில் வந்தது. பார்த்தால், மடல் சங்கத்தின் முகவரியிலிருந்து போயிருக்கிறது. உலாவியில் முதலில் உள்நுழைந்திருந்த கணக்கு அதுதான். விளக்கம் எழுதிச் சரிசெய்தேன் என்றாலும், அன்று முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை.

ஆகவே நான்கு கணக்குகளையும் என் மடிக்கணினியில் ஒரே மென்பொருளில் வைத்துக்கொள்ள விரும்புகிறேன். தண்டர்பேர்டு நல்லது என்று என் கணவர் சொல்கிறார். ஆனால் எனக்குச் சில அச்சங்கள் உள்ளன. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் சங்கத்து மடலும் அலுவலக மடலும் ஒன்றோடொன்று கலந்துபோய்விடாதா? மென்பொருளில் ஒரு மடலை அழித்தால் உண்மையான கணக்கிலும் அழிந்துவிடுமா? பதில் எழுதும்போது சரியான முகவரியிலிருந்துதான் போகும் என்பதை எப்படி உறுதிசெய்வது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: சேலத்து வாசகர்

வணக்கம் சகோதரி. கல்லூரி அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகளாகக் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். நானே ஆறு கணக்குகளைத் தண்டர்பேர்டில்தான் வைத்திருக்கிறேன். உங்கள் கணவர் சொன்னது சரியான யோசனை. 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வெளியான காலந்தொட்டு இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் அது. மோசில்லா அறக்கட்டளையின் கீழ் இயங்கும் நிறுவனம் பயனர்களின் நன்கொடையைக் கொண்டு அதை நடத்துகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கிடைக்கிறது.

உங்கள் முதல் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். கணக்குகளை ஒரே மென்பொருளில் சேர்ப்பது என்பது வேறு, மடல்களை ஒரே இடத்தில் கொட்டுவது என்பது வேறு. தண்டர்பேர்டில் கணக்குகளைச் சேர்த்தவுடன் இடப்புறப் பட்டியலில் ஒவ்வொரு கணக்கும் தன் இன்பாக்ஸ், அனுப்பியவை, குப்பை ஆகியவற்றோடு தனித்தனியாகத்தான் நிற்கும். அந்தப் பட்டியலின் தலைப்பில் உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி, ஃபோல்டர் மோட்ஸ் என்பதில் யுனிஃபைட் ஃபோல்டர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், நான்கு இன்பாக்ஸ்களிலும் உள்ள மடல்கள் ஒரே பட்டியலாகத் தோன்றும். தோன்றும் என்ற சொல்லைக் கவனியுங்கள். அது ஒரு தேடல் முடிவைப் போன்றது. எந்த மடலும் இடம் பெயர்வதும் இல்லை, நகலெடுக்கப்படுவதும் இல்லை. வேண்டாம் என்றால் அந்தத் தேர்வை எடுத்துவிடலாம். எல்லாம் பழையபடி தனித்தனியாக நிற்கும். பட்டியலின் பத்திகளில் அக்கவுண்ட் என்ற பத்தியையும் சேர்த்துக்கொண்டால், ஒவ்வொரு மடலுக்கு எதிரிலும் அது எந்தக் கணக்குக்கு வந்தது என்பது தெரியும். அந்தப் பத்தி இல்லாமல் ஒருங்கிணைந்த இன்பாக்ஸைப் பயன்படுத்தாதீர்கள் என்பதே என் அறிவுரை.

இரண்டாவது கேள்விக்கு: ஆம், ஒருங்கிணைந்த பட்டியலில் ஒரு மடலை அழித்தால் அது உரிய கணக்கிலும் அழியும். காட்சி ஒன்றாக இருந்தாலும் பொருள் அந்தந்தக் கணக்குக்கே உரியது. அழித்த மடல் அந்தக் கணக்கின் குப்பைக் கோப்புறைக்குத்தான் முதலில் போகும். ஜிமெயிலில் 30 நாள் அங்கே இருக்கும்.

இந்த இடத்தில் ஐமேப், பாப் என்ற இரண்டு முறைகளின் வேறுபாட்டைப் புரிந்துகொள்வது மிகவும் முக்கியம். கணக்குப் பார்ப்பவர் என்பதால் வங்கியைக் கொண்டே சொல்கிறேன். பணம் வங்கியிலேயே இருக்க, இருப்பை நீங்கள் கைபேசியிலும் கணினியிலும் பார்ப்பதைப் போன்றது ஐமேப். எங்கிருந்து பார்த்தாலும் ஒரே இருப்பு. ஓரிடத்தில் படித்த மடல் எல்லா இடத்திலும் படித்ததாகவே காட்டும். பணத்தை எடுத்து வந்து வீட்டுப் பெட்டியில் பூட்டுவதைப் போன்றது பாப். மடல் உங்கள் கணினிக்கு இறங்கிவிடும். அமைப்பைப் பொறுத்து, சர்வரில் (மின்னஞ்சல் நிறுவனத்தின் கணினியில்) உள்ள மடல் உடனேயோ சில நாட்கள் கழித்தோ நீக்கப்பட்டுவிடும். பெட்டி தொலைந்தால் பணமும் தொலைந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பாப் முறையில் அமைத்து, சர்வரில் நகல் வைக்கும் தேர்வை எடுத்துவிட்டிருந்தார். அவருடைய வன்தட்டு ஒரு நாள் செயலிழந்தபோது மூன்று ஆண்டு மடல்கள் அதோடு போயின. சர்வரில் ஒரு மடல்கூட மிஞ்சவில்லை. நீங்கள் நான்கையும் ஐமேப் முறையிலேயே அமையுங்கள்.

கணக்குகளைச் சேர்க்கும்போது, கூகுள், யாகூ இரண்டுக்கும் பெயரையும் முகவரியையும் கொடுத்தால் போதும். சர்வர் விவரங்களைத் தண்டர்பேர்டே கண்டுபிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு சாளரம் திறந்து, உலாவியில் உள்நுழைவது போலவே அந்த நிறுவனத்தின் பக்கத்தில் உள்நுழையச் சொல்லும். இதற்கு ஓஆத் என்று பெயர். வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு வெளி மென்பொருள்கள் உள்ளே நுழைவதைத் தனிநபர் கணக்குகளில் கூகுள் 2022 மே மாத இறுதியோடு நிறுத்திவிட்டது. மைக்ரோசாஃப்டும் 2024 செப்டம்பரில் அப்படியே செய்தது. ஆகவே பழைய வழிகாட்டிகளில் உள்ளபடி கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து, தவறு என்று வருகிறதே என்று குழம்ப வேண்டாம். அலுவலக முகவரிக்கு மட்டும் விவரங்களை நீங்களே நிரப்ப வேண்டி வரலாம். இணையதளத்தைப் பராமரிப்பவரிடம் சர்வரின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரும் மடலுக்கு ஐமேப், போர்ட் (இணைப்பு எண்) 993, எஸ்எஸ்எல் பாதுகாப்பு. போகும் மடலுக்கு எஸ்எம்டிபி என்ற அனுப்பும் முறை, போர்ட் 465 அல்லது 587 என்பதுதான் வழக்கம்.

மூன்றாவது கேள்வி, பதில் எழுதும் முகவரியைப் பற்றியது. ஒரு மடலுக்குப் பதில் எழுதும்போது, அது எந்தக் கணக்குக்கு வந்ததோ அந்த முகவரியையே தண்டர்பேர்டு எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு நேர்ந்ததோ பதில் மடலில் நேர்ந்தது அல்ல, புதிய மடலில் நேர்ந்தது. ஒருங்கிணைந்த பட்டியலில் இருந்துகொண்டு புதிய மடலைத் தொடங்கினால் பெரும்பாலும் முதன்மைக் கணக்கின் முகவரியே வந்து நிற்கும். ஆகவே அலுவலகக் கணக்கை முதன்மைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். அத்துடன் நான்கு கணக்குகளுக்கும் நான்கு விதமான கையொப்பங்களை அமைத்துவிடுங்கள். மேலே உள்ள அனுப்புநர் வரியைப் பார்க்க மறந்தாலும், எழுதும் இடத்திலேயே “பொருளாளர், குடியிருப்போர் நலச் சங்கம்” என்று நின்றால் கண்ணில் படாமல் போகாது. ஆறு கணக்குகளோடு இருக்கும் என்னைப் பலமுறை காப்பாற்றியது அந்தக் கையொப்பம்தான்.

பதில்: தறிமேடை

சேலத்து வாசகர் ஐயா சொன்னவற்றில் தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அலுவலக முகவரியைச் சொந்த முகவரிகளோடு சேர்த்து வைக்கலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

அலுவலக மடல்கள் நிறுவனத்தின் உடைமை. அவற்றில் கொள்முதலாளர்களின் விலைகளும் வங்கி விவரங்களும் இருக்கும். உங்கள் மடிக்கணினி நிறுவனம் கொடுத்ததா, உங்களுடையதா என்று நீங்கள் சொல்லவில்லை. உங்களுடையது என்றால், அதில் அலுவலக மடல்களின் நகல் இறங்கப்போகிறது என்பதை உரிமையாளரிடம் சொல்லி அவருடைய ஒப்புதலைப் பெற்றுக்கொள்வது நல்லது. கணினி நிறுவனத்துடையது என்றால் நிலைமை தலைகீழ்: உங்கள் வங்கி மடல்கள் நிறுவனத்தின் கணினியில் இறங்கும். நாளை வேலை மாறினால் அந்தக் கணினியை அப்படியே ஒப்படைக்க வேண்டும் அல்லவா?

நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். தண்டர்பேர்டில் ஒன்றுக்கு மேற்பட்ட புரொஃபைல்களை உருவாக்கிக்கொள்ளலாம். உதவிப் பட்டியலில் உள்ள டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கத்திலிருந்து அந்த இடத்துக்குப் போகலாம். ஒவ்வொரு புரொஃபைலும் தனி வீட்டைப் போன்றது; கணக்குகளும் கடவுச்சொற்களும் முகவரிப் புத்தகமும் தனித்தனியே இருக்கும். நான் அலுவலகத்துக்கு ஒன்றும் சொந்த வேலைகளுக்கு ஒன்றுமாக வைத்திருக்கிறேன். அலுவலக மடல் தவறான முகவரியிலிருந்து போவதற்கு இதில் வாய்ப்பு மிகக் குறைவு. சங்கத்துக் கணக்கைச் சொந்தப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

புதிய அவுட்லுக்கை யாரேனும் பரிந்துரைக்கக்கூடும் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். அதில் ஜிமெயில், யாகூ போன்ற வெளிக் கணக்குகளைச் சேர்த்தால், மடல்களின் ஒரு நகல் மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பகத்துக்கும் போகும். அந்நிறுவனமே இதை அறிவிக்கிறது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஆனால் பிறருடைய விலைப்பட்டியல்களைக் கையில் வைத்திருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. தண்டர்பேர்டில் உங்கள் கணினி அந்தந்தச் சர்வரோடு நேரடியாகப் பேசுகிறது. இடையில் மூன்றாமவர் யாரும் இல்லை. ஆனால் அதற்கேற்பக் கணினியைப் பாதுகாக்கும் பொறுப்பும் உங்களுடையதாகிறது. அமைப்புகளில் பிரைமரி பாஸ்வேர்டு என்ற ஒன்றை வைத்துவிடுங்கள். அது இல்லையென்றால், திறந்து கிடக்கும் கணினியின் முன் அமரும் எவரும் சேமித்த கடவுச்சொற்களை அமைப்புகளிலேயே பார்த்துவிட முடியும்.

பதில்: காவிரிக்கரை

மடல்களைத் தானாகவே பிரித்து வைக்கும் வடிகட்டிகளைப் பற்றி ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தண்டர்பேர்டில் நாம் எழுதும் வடிகட்டிகள் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி. அலுவலகக் கணக்கில் எழுதியது யாகூவில் வேலை செய்யாது. அதைவிட முக்கியமானது, கணினியில் தண்டர்பேர்டு திறந்திருக்கும்போதுதான் அவை இயங்கும். கணினியை மூடிவிட்டுக் கைபேசியில் பார்த்தால் எல்லாம் பிரிக்கப்படாமல் இன்பாக்ஸிலேயே குவிந்திருக்கும். ஆகவே விளம்பர மடல்களை ஒதுக்குவது போன்ற நிரந்தர வடிகட்டிகளை ஜிமெயில், யாகூ ஆகியவற்றின் இணையப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அவை சர்வரிலேயே இயங்கும், எல்லாக் கருவிகளிலும் பலன் தெரியும்.

தண்டர்பேர்டின் குறிச்சொற்களை வேறொன்றுக்குப் பயன்படுத்தலாம். ஒரு மடலைத் தேர்ந்தெடுத்து 4 என்ற விசையை அழுத்தினால் ‘செய்ய வேண்டியவை’ என்ற குறி விழும். நான்கு கணக்குகளிலும் அந்தக் குறி உள்ள மடல்களை மட்டும் ஒரே பட்டியலில் பார்க்கலாம். காலையில் நான் முதலில் திறப்பது இன்பாக்ஸை அல்ல, அந்தப் பட்டியலைத்தான்.

மறுமொழி: நூற்கண்டு

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தறிமேடை ஐயா கேட்டதற்குப் பதில்: மடிக்கணினி என்னுடையது. எங்கள் முதலாளியிடம் பேசினேன். அலுவலக மடல்களை வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். ஆனால் கணினிக்கு ஒழுங்கான கடவுச்சொல் வைக்க வேண்டும், வேலையை விட்டுப் போகும் நாளில் அந்தக் கணக்கை நீக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் சொன்னார். இரண்டும் நியாயமானவையாகவே பட்டன. இரண்டு புரொஃபைல் முறையைப் பற்றி நிறைய யோசித்தேன். பாதுகாப்பு மிகுந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் எனக்கு அலுவலகச் செய்தி யாகூவுக்கும் வருகிறது. நிறுவனத்தின் ஜிஎஸ்டி பதிவைத் தொடக்கத்தில் என் யாகூ முகவரியைக் கொடுத்துத்தான் செய்தோம், இன்னும் மாற்றவில்லை. கணக்குத் தாக்கலில் வேறுபாடு இருப்பதாக ஏஎஸ்எம்டி-10 படிவத்தில் அறிவிப்பு வந்தால் 30 நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். அதைப் பற்றிய மடல், நான் வாரம் ஒருமுறை திறக்கும் பெட்டியில் கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே இப்போதைக்கு நான்கையும் ஒரே இடத்தில் வைத்து, கையொப்பத்தையும் அக்கவுண்ட் பத்தியையும் நம்புகிறேன்.

நேற்று மாலை அமைத்து முடித்தேன். ஜிமெயில் இரண்டும் யாகூவும் சில நிமிடங்களில் சேர்ந்துவிட்டன. ஆனால் இரண்டு சிக்கல்கள் எழுந்துள்ளன. ஜிமெயில் கணக்குகளில் ஒரே மடல் இன்பாக்ஸிலும் ‘ஆல் மெயில்’ என்ற கோப்புறையிலும் இம்பார்ட்டன்ட் என்பதிலும் இருக்கிறது. ஒரு மடலைத் தேடினால் மூன்று முறை வருகிறது. மற்றொன்று, அலுவலக முகவரியில் மடல்கள் வருகின்றன, ஆனால் அனுப்ப முயன்றால் கடவுச்சொல் தவறு என்று வருகிறது. அவசரத்துக்கு அந்தக் கணக்கின் அமைப்பில் அனுப்பும் சர்வராக என் ஜிமெயிலைத் தேர்ந்தெடுத்து அனுப்பிப் பார்த்தேன். என் கணவருக்கு அனுப்பிய சோதனை மடல் அவருடைய ஸ்பேம் பெட்டியில் போய் விழுந்தது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: சேலத்து வாசகர்

ஜிமெயில் சிக்கல் எளிது. ஜிமெயிலில் உண்மையில் கோப்புறைகளே கிடையாது. ஒவ்வொரு மடலுக்கும் சீட்டு ஒட்டுவதைப் போல லேபிள்கள் ஒட்டப்படுகின்றன. ஒரே மடலில் மூன்று சீட்டுகள் ஒட்டியிருக்கலாம். ஐமேப் முறையில் அந்தச் சீட்டுகள் கோப்புறைகளாகக் காட்டப்படுவதால் மடல் மூன்று இடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் அமைப்புகளுக்குப் போய், லேபிள்ஸ் என்ற பகுதியில் ‘ஆல் மெயில்’, இம்பார்ட்டன்ட் ஆகியவற்றுக்கு எதிரே உள்ள ‘ஷோ இன் ஐமேப்’ என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். உங்கள் வன்தட்டிலும் இடம் மிச்சமாகும். அனுப்பிய மடல்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தால், அதற்குக் காரணம் வேறு. ஜிமெயிலின் வழியே போகும் மடலின் நகலை அதன் சர்வரே எடுத்து வைத்துக்கொள்கிறது. தண்டர்பேர்டும் ஒரு நகலை வைக்கிறது. அந்தக் கணக்கின் காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ் பகுதியில், அனுப்பும்போது நகல் வைக்கும் தேர்வை எடுத்துவிட்டால் போதும்.

இரண்டாவது சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அவசரத்துக்குச் செய்த ஏற்பாட்டைப் பலரும் நிரந்தரமாகவே வைத்துக்கொள்கிறார்கள். அதை உடனே மாற்றிவிடுங்கள். உங்கள் நிறுவனத்தின் பெயரில் மடல் அனுப்ப எந்தெந்தச் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்பதை இணையப் பெயரின் பதிவுகளிலேயே எழுதி வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கு எஸ்பிஎஃப் என்று பெயர். மடலில் சர்வர் இடும் மின்முத்திரைக்கு டிகேஐஎம் என்று பெயர். இவை பொருந்தாத மடலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்குச் சொல்லும் விதி டிமார்க். ஒரு முகவரியை எழுதி வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியே அனுப்பினால், அனுப்புநர் ஒருவர், தபால் முத்திரை வேறொருவருடையது என்றாகிவிடக்கூடும். பெறுபவரின் சர்வர் ஐயப்படுவதில் வியப்பில்லை. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இந்தச் சரிபார்ப்பை மேலும் கடுமையாக்கிவிட்டன. உங்கள் கணவரிடம் ஸ்பேமில் விழுந்ததைப் போலவே கொள்முதலாளரிடமும் விழும். அவர் அதைத் தேடி எடுத்துப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே நான்கு கணக்குகளுக்கும் நான்கு அனுப்பும் சர்வர்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு கணக்கும் தன் சர்வரையே பயன்படுத்த வேண்டும்.

கடவுச்சொல் தவறு என்று வருவதற்கு நான் அதிகம் கண்ட காரணம், பயனர் பெயர் முழுமையாக இல்லாததுதான். அக்கவுண்ட் செட்டிங்ஸ் பட்டியலின் கடைசியில் அவுட்கோயிங் சர்வர் என்ற பகுதி இருக்கும். அதில் அலுவலகச் சர்வரைத் திறந்து பாருங்கள். யூசர்நேம் என்ற இடத்தில் @ குறிக்கு முன்னால் உள்ள பகுதி மட்டும் இருந்தால், முழு முகவரியையும் எழுதுங்கள். போர்ட் 465 என்றால் பாதுகாப்பு வகை எஸ்எஸ்எல். 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். இவை இரண்டும் மாறிக் கிடந்தாலும் மடல் போகாது. சேமித்த பழைய கடவுச்சொல்லை நீக்கிவிட்டு மீண்டும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.

பதில்: வைகைவாசி

சகோதரிக்கு வணக்கம். 2009 முதலான யாகூ மடல்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் கணக்குகளும் ஒரே சாளரத்தில் வந்ததும், அந்தப் பழைய மடல்களை அப்படியே பிடித்து இழுத்து ஜிமெயிலில் போட்டுவிடலாமே என்ற ஆசை எழும். எனக்கும் எழுந்தது. அதைப் பற்றி எச்சரிக்கவே எழுதுகிறேன்.

ஒரு கணக்கின் கோப்புறையிலிருந்து மற்றொரு கணக்கின் கோப்புறைக்கு மடலை இழுத்துப் போட்டால், தண்டர்பேர்டு முதல் சர்வரிலிருந்து மடலை எடுத்து, இரண்டாவது சர்வரில் ஏற்றி, பிறகு முதல் இடத்தில் அழித்துவிடும். பத்து மடல்களுக்கு இது நன்றாகவே நடக்கும். நான் ஏறத்தாழ 4,000 மடல்களை ஒரே தடவையில் தேர்ந்தெடுத்து இழுத்துவிட்டேன். பாதி வழியில் மின்சாரம் போனது. மீண்டும் திறந்து பார்த்தபோது சில மடல்கள் இரண்டு இடத்திலும் இருந்தன, சில ஓரிடத்திலும் இல்லை. என் தந்தையார் மருத்துவமனையில் இருந்த நாட்களில் எங்கள் அண்ணன் தினந்தோறும் எழுதிய மடல்களில் ஒரு வாரத்தவை அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை.

ஆகவே நகர்த்தாதீர்கள், நகலெடுங்கள். மடல்களைத் தேர்ந்தெடுத்து வலப்பக்கச் சொடுக்கில் காப்பி டு என்பதைக் கொடுங்கள். ஓராண்டு மடல்களை ஒரு தடவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒத்துவருகிறதா என்று பாருங்கள். கோப்புகள் இணைக்கப்பட்ட மடல்கள் சிலவற்றைத் திறந்து பாருங்கள். எல்லாம் சரியாக இருந்து சில வாரங்கள் கடந்த பிறகு மூலத்தை அழிப்பதா என்று முடிவு செய்யலாம். ஜிமெயிலின் இலவச 15 ஜிபி இடத்தில் உங்கள் புகைப்படங்களும் டிரைவ் கோப்புகளும் பங்கு கொள்கின்றன என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஐமேப் முறையில் எல்லாம் சர்வரில் இருப்பதால் காப்பு நகல் வேண்டாம் என்று நினைத்துவிடக்கூடாது. சர்வரில் அழிந்தால் கணினியிலும் அழியும் என்பதுதானே ஐமேப்பின் இயல்பு. தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதன் புரொஃபைல் கோப்புறையை முழுவதுமாக ஒரு வெளி வன்தட்டில் நகலெடுத்து வையுங்கள். நான் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடுகிறேன். மடல்களோடு அமைப்புகள், வடிகட்டிகள், முகவரிப் புத்தகம் அனைத்தும் அதில் வந்துவிடும். கடவுச்சொற்களும் அதில்தான் இருக்கும் என்பதால் அந்த வன்தட்டைப் பூட்டி வைக்க வேண்டும்.

கைபேசிக்கும் ஒரு வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கே-9 மெயில் என்ற செயலியை அடிப்படையாகக் கொண்டு 2024 அக்டோபரில் தண்டர்பேர்டு வெளிவந்துள்ளது. கணினியில் உள்ள தண்டர்பேர்டின் டூல்ஸ் பட்டியலில், கைபேசிக்கு ஏற்றுமதி செய்யும் தேர்வைச் சொடுக்கினால் ஒரு கியூஆர் குறி திரையில் வரும். கைபேசியில் அதைப் படம்பிடித்தால் நான்கு கணக்குகளின் அமைப்பும் அங்கே போய்விடும். சர்வர் பெயர்களை மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. கடவுச்சொற்களையும் அந்தக் குறியில் சேர்க்கும் தேர்வு இருப்பதால், அந்த நேரத்தில் அருகில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: நூற்கண்டு

சேலத்து வாசகர் ஐயா, நீங்கள் சொன்னதேதான். பயனர் பெயர் இருந்த இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. முழு முகவரியை எழுதியதும் மடல் போய்விட்டது. என் கணவருக்கு இம்முறை நேராக இன்பாக்ஸிலேயே வந்து சேர்ந்தது. ஜிமெயிலின் லேபிள் தேர்வுகளையும் எடுத்துவிட்டேன். இப்போது தேடினால் ஒரு மடல் ஒரு முறைதான் வருகிறது. ஆல் மெயில் போனதும் கணினியும் முன்பைவிட விரைவாக இயங்குவதாகத் தோன்றுகிறது.

இன்று காலை நான்கு கணக்குகளையும் ஒரே பட்டியலில் பார்த்தேன். சங்கத்துக்கு இருவர் பராமரிப்புத் தொகையின் ரசீதைக் கேட்டு எழுதியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே கொள்முதலாளரின் மடல் ஒன்று இருந்தது. மூன்றுக்கும் அடுத்தடுத்துப் பதில் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அனுப்புநர் வரி தானாக மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். கொள்முதலாளருக்கு எழுதிய பதிலின் அடியில் நிறுவனத்தின் பெயரும் என் பெயரும் பதவியும் ஒழுங்காக நின்றன.

காவிரிக்கரை அவர்கள் சொன்னபடி யாகூவின் இணையப் பக்கத்தில் விளம்பரங்களுக்கு வடிகட்டி எழுதிவிட்டேன். ஜிஎஸ்டி தளத்தில் பதிவான முகவரியை அலுவலக முகவரிக்கு மாற்றித் தரும்படி முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். அது மாறிவிட்டால் தறிமேடை ஐயா சொன்ன இரண்டு புரொஃபைல் முறைக்கு மாறிவிடவே எண்ணம்.

வைகைவாசி ஐயா, உங்கள் தந்தையார் காலத்து மடல்களைப் பற்றிப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. அந்த மடல்களை எழுதிய அண்ணனின் கணக்கில், அனுப்பியவை என்ற கோப்புறையில் அவை இன்னும் இருக்க வாய்ப்பு உண்டு அல்லவா? முடிந்தால் அவரிடம் ஒருமுறை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் வரும் சனிக்கிழமை 2009-ஆம் ஆண்டு மடல்களை மட்டும் நகலெடுத்து, இரண்டு பக்கமும் எண்ணிப் பார்க்கப்போகிறேன்.

பதில்: வைகைவாசி

இத்தனை ஆண்டுகளில் எனக்கு இது தோன்றவே இல்லை, சகோதரி. அண்ணன் அதே முகவரியைத்தான் இன்றும் வைத்திருக்கிறார். இன்று இரவு அவரை அழைக்கிறேன்.